பாத்திரக்காரரிடம் போடுவதற்கு முன்

"பழைய துணிக்குப் பாத்திரம்" என்று கூவிக்கொண்டு வருபவர், நீங்கள் மூட்டையை அவிழ்த்ததும் என்ன செய்கிறார் என்று ஒருமுறை நின்று கவனியுங்கள். முதலில் சேலையை உதறி வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பார். அடுத்து நடுப்பகுதியில் இரண்டு கட்டைவிரலையும் ஒட்டினாற்போல் வைத்து ஒரு சின்ன இழுப்பு. கரையைத் தடவுவார், முந்தியைப் புரட்டுவார், "இது பாலியஸ்டரும்மா, இதுக்கெல்லாம் ஒண்ணும் வராது" என்று ஒரு சேலையைத் தனியாகத் தள்ளுவார். அரை நிமிடம்கூட ஆகாது. பழைய துணியில் போர்வை தைக்கிறவர் செய்யவேண்டிய சோதனையில் முக்கால்வாசி அந்த அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. பேரத்தில் அவர் ஜெயிப்பது இதனால்தான். துணியை அவர் பார்க்கிறார், நாம் பார்ப்பதில்லை. எட்டுப் பருத்திச் சேலையைக் கொடுத்து ஒரு பிளாஸ்டிக் டப்பு வாங்கி வைத்துக்கொள்கிறோம். அதே எட்டில் இரண்டு பேர் படுக்கிற போர்வை இரண்டும், ஒற்றை ஆள் போர்வை ஒன்றும் தைக்கலாம்.

"கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்கிறோமே, அந்தக் கந்தையும், வங்காளத்தில் பழந்துணிப் போர்வைக்குச் சொல்கிற காந்தாவும் உறவுக்காரச் சொற்கள். அங்கே நைந்த சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி விரித்து, சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலாலேயே ஓட்டுத் தையல் போட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் வீட்டுப் பெண்கள் அப்படித் தைத்த காந்தாக்கள் பல, கலை வரலாற்றாளர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் சேகரித்தவற்றோடு அமெரிக்காவின் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. பீகாரில் இதே வேலை சுஜனி. மகாராஷ்டிரத்தில் கோதடி, சிந்துவிலும் கட்சிலும் ரல்லி, வட கர்நாடகத்தில் கௌதி. தெலுங்கில் பொந்த. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரே தெருவில் மூன்று மொழி பேசுவதால் இந்தச் சொற்கள் நமக்கு அந்நியமல்ல. தமிழில் மட்டும் இதற்கென்று ஒரு பெயர் ஊன்றி நிற்கவில்லை. ஒட்டுப்போர்வை என்றால் புரியும், அவ்வளவுதான். காரணம் வெயில் என்று நினைக்கிறேன். சமவெளியில் நைந்த சேலையை நாலாக மடித்தால் அதுவே விரிப்பு, உத்தரத்தில் கட்டினால் தூளி, கிழித்தால் குழந்தைத் துணி. தைத்துச் சேர்க்கிற தேவை வரவில்லை. தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் மேட்டுநிலம் வேறு கதை. கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் மார்கழி விடியற்காலையை ஒற்றைச் சேலையில் கடத்த முடியாது.

தருமபுரி மாவட்டத்துக்குள்ளேயே கைத்தையலுக்கு ஆள் இருக்கிறார்கள். சிட்லிங்கிப் பள்ளத்தாக்கின் லம்பாடிப் பெண்கள் ஏறக்குறைய மறந்துபோயிருந்த தங்கள் பூவேலையைப் போர்கை என்ற அமைப்பின் வழியாகத் திரும்பக் கைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அது பூவேலை, இங்கே சொல்லப்போவது போர்வை வேலை. ஆனால் ஊசியைத் துணியோடு சண்டையில்லாமல் ஓட்டுகிற விதத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கே போய்ப் பார்க்கலாம்.

எந்தச் சேலை, அதில் எந்த இடம்

நைந்த துணி தனியாக நின்றால் பலவீனம். மூன்று அடுக்காக்கி, ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரு வரி நூல் ஓட்டிவிட்டால், இழுக்கிற பாரம் ஓர் இழைமேல் விழாமல் நூற்றுக்கணக்கான இழைகளுக்குப் பங்கு பிரிந்துவிடும். புதுத் துணிக்கு வராத மென்மையோ ஏற்கெனவே அதில் இருக்கிறது. ஆக, "நைந்துபோச்சு" என்பதற்காக எதையும் ஒதுக்காதீர்கள். "உளுத்துப்போச்சு" என்றால் ஒதுக்கிவிடுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் கட்டைவிரல் சோதனையில் தெரியும். இழுக்கும்போது இழை விலகித் திரும்ப மூடிக்கொண்டால் நைந்தது. 'சரக்' என்று காய்ந்த சத்தத்தோடு பிரிந்தால் உளுத்தது. பாவு (நீள இழை) வாக்கில் ஒரு தடவை, ஊடை (குறுக்கு இழை) வாக்கில் ஒரு தடவை என இரண்டு பக்கமும் இழுத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் போன துணிகள் நிறைய.

ஒரு சேலை எல்லா இடத்திலும் ஒரேமாதிரி தேய்வதில்லை. உள்ளே செருகுகிற முனையில் முதல் ஒரு மீட்டர் வெயில் படாமல், உரசாமல் கிட்டத்தட்டப் புதிதாகவே இருக்கும். பாவாடை முடிச்சு உட்காரும் வரிசையில் ஒரு நீளத் தேய்மானம் ஓடும். கால் பக்கத்து ஓரம் கொசுவம் விழுகிற இடத்தில் ஒரு சாண் அகலத்துக்கு இழைந்திருக்கும். தோளில் பின் குத்துகிற இடத்தில் ஓட்டைகள் கூட்டமாக இருக்கும். இதையெல்லாம் சாக்பீஸால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். அடுக்கும்போது ஒரு சேலையின் நைந்த இடத்துக்கு நேர் மேலே இன்னொரு சேலையின் நைந்த இடம் வரக்கூடாது. இரண்டாவது சேலையைத் தலைமாற்றிப் போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். கொஞ்ச நாளிலேயே நடுவில் ஓட்டை விழும் போர்வைகள், சேலைகளைக் கடையில் மடித்து வைத்தபடியே ஒரே திசையில் அடுக்கியவையாக இருக்கும்.

பருத்தியா கலப்பா என்று சந்தேகம் வந்தால் ஓரத்தில் நாலு இழை உருவித் தீக்குச்சி காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு பொடிச்சாம்பலாகும். பட்டு முடி பொசுங்குகிற நாற்றத்தோடு கருகும், அந்தக் கரியை விரலால் நசுக்கிவிடலாம். பாலியஸ்டர் உருகி, கல்லுமாதிரி கெட்டியான மணியாகும். பாலியஸ்டர் சேலையைப் பருத்தியோடு அடுக்காதீர்கள். பருத்தி துவைக்கத் துவைக்கச் சுருங்கும், அது சுருங்காது. ஒரு பக்கம் தொப்பையாக நிற்கும். தேய்க்கும்போது வேறு உருகும். பாலியஸ்டர் சேலைகளை மட்டும் தனியாகச் சேர்த்து மிதியடி பின்னலாம். அதற்கு அதைவிட நல்ல துணி கிடையாது.

புதுத் துணியைக் கலப்பதிலும் இதே தகராறுதான். பழைய சேலை சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடிந்தது. கடையில் வாங்கிய புது காடாத் துணி முதல் துவையலில்தான் சுருங்கும். அப்படிச் சுருங்கும்போது பக்கத்திலிருக்கும் நைந்த இழைகளை இழுத்து அறுக்கும். புதுத் துணி சேர்த்தே ஆகவேண்டும் என்றால் அதை மூன்று முறை வெந்நீரில் நனைத்துக் காயவைத்துவிட்டு எடுங்கள்.

சாயம் போகுமா என்று பார்க்க, ஈரமான வெள்ளைத் துணியைச் சேலையின் மேல் வைத்துச் சூடான இஸ்திரிப்பெட்டியால் பத்து விநாடி அழுத்துங்கள். சிவப்பு, கறுப்பு, கருநீலம் மூன்றையும் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். கல்லுப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பது பாதி உண்மை. உப்பு இருக்கும் அந்தத் தண்ணீரில் சாயம் குறைவாக இறங்கும், அடுத்த நல்ல தண்ணீரில் மறுபடி இறங்கும். இறங்குகிற சேலையை இறங்கி முடியும்வரை தனியாக அலசுங்கள். நாலைந்து அலசலுக்குப் பிறகும் தண்ணீர் நிறம் மாறினால் அந்தச் சேலை வெளிர்நிறச் சேலைக்குப் பக்கத்தில் உட்காரத் தகுதியில்லாதது.

கணக்கு

சேலை 5.5 மீட்டர் நீளம், சுமார் 1.15 மீட்டர் அகலம். ஒற்றை ஆள் போர்வைக்கு வெட்டவே வேண்டாம். இரண்டு சேலைகளையும் நடுவில் மடித்து ஒன்றுக்குள் ஒன்று போட்டால் 2.75 மீட்டருக்கு 1.15 மீட்டர், நாலு அடுக்கு. முதல் தடவை தைக்கிறவர்கள் இதிலிருந்து தொடங்குவது நல்லது.

இருவர் போர்வைக்கு மூன்று சேலை. ஒவ்வொன்றிலும் 2.25 மீட்டர் துண்டு இரண்டு வெட்டுங்கள். மீதி ஒரு மீட்டரில் மோசமான இடங்களைக் கழித்துக்கொள்ளலாம். இரண்டு துண்டையும் பக்கவாட்டில் இணைத்தால் ஏறக்குறைய 2.25 மீட்டர், நம் கணக்கில் ஏழரை அடிச் சதுரம். இப்படி மூன்று சதுரம். மூன்றையும் அப்படியே அடுக்கினால் மூன்று இணைப்புத் தையலும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, முதுகில் கயிறு மாதிரி உறுத்தும். நடுச் சதுரத்தை 90 டிகிரி திருப்பிப் போடுங்கள், அதன் இணைப்பு குறுக்கே ஓடும். அடிச் சதுரத்தில் ஒரு துண்டை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, மற்றத் துண்டின் இருபக்கமும் வைத்துத் தைத்தால், இணைப்புகள் நடுவிலிருந்து விலகிப்போய்விடும். சதுரமாக வெட்டச் சொன்னதே இந்தத் திருப்பலுக்காகத்தான்.

நூல்: வரிக்கு வரி 1 செ.மீ. இடைவெளி என்றால் 225 வரி, ஒவ்வொன்றும் 2.25 மீட்டர், மொத்தம் சுமார் 506 மீட்டர். ஏறி இறங்குவதற்கும் முனைகளுக்கும் 15 சதவீதம் சேர்த்தால் 580 மீட்டர். 8 மீட்டர் எம்ப்ராய்டரிக் கண்டில் ஆறு இழை இருக்கிறது. இரண்டு இழையாகப் பிரித்துத் தைத்தால் ஒரு கண்டு 24 மீட்டர் கொடுக்கும், ஆக 25 கண்டு வேண்டும். வரி இடைவெளியை 2.5 செ.மீ. ஆக்கினால் 90 வரி, பத்துக் கண்டில் முடிந்துவிடும். மீட்டருக்கு நாலு நிமிடம் என்று வைத்தால் முதலாவது சுமார் 34 மணி நேர வேலை, இரண்டாவது 13 அல்லது 14 மணி நேரம்.

எது நல்லது? எங்கே போர்த்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. குளிரைத் தடுப்பது துணியைவிட அடுக்குகளுக்கு நடுவே சிக்கி நிற்கும் காற்று. நெருக்கமாகத் தைக்கத் தைக்கக் காற்று வெளியேறி, போர்வை பலகையாகும். உழைக்கும், ஆனால் சூடு குறையும். தருமபுரி, அரூர் வெயிலுக்கு இரண்டடுக்கு போட்டு 1 செ.மீ. வரி ஓட்டலாம். தளி, தேன்கனிக்கோட்டைக்கு நாலடுக்கும் 2.5 செ.மீ. வரியும். நடுவில் பழைய கம்பளி வைக்கிறவர்கள் அதை முன்கூட்டியே வெதுவெதுப்பான நீரில் நனைத்துச் சுருக்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் முதல் துவையலில் உள்ளே சுருண்டு கட்டியாகிவிடும்.

விரிப்பது

அவசரப்படுகிறவர்கள் கோட்டைவிடுகிற இடம் இதுதான். சிமெண்டுத் தரையைக் கூட்டித் துடைத்துக் காயவிட்டு, அடிச் சதுரத்தை விரித்து, நாலு ஓரத்தையும் தரையோடு டேப் ஒட்டிவிடுங்கள். இழுத்து ஒட்டக் கூடாது, சுருக்கமில்லாமல் படுத்தால் போதும். இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் அது பழைய அளவுக்குத் திரும்பும், மேலே உள்ளவை பொம்மிவிடும். அதன்மேல் நடு அடுக்கு, அதன்மேல் மேல் அடுக்கு. ஒவ்வொன்றையும் நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் தடவிக் காற்றை வெளியேற்றுங்கள். மின்விசிறியை அணைத்துவிடுவது உத்தமம்.

பிறகு கச்சா தையல், அதாவது பின்னால் பிரித்துவிடும் தற்காலிகத் தையல். வெள்ளை நூல், பெரிய பெரிய தையல், நடுவிலிருந்து தொடங்கிக் கூட்டல் குறி போல நாலு திசைக்கும். அதன்பின் ஒரு சாண் இடைவெளியில் கட்டம் கட்டமாக. ஓரத்திலிருந்து தொடங்கி நடுவுக்கு வந்தால் மிச்சத் துணியெல்லாம் நடுவில் கூடி நிற்கும், அதற்குப் போக்கிடம் இருக்காது. இந்த ஒரு நாள் வேலையைத் தவிர்க்கக் குண்டூசி குத்திக்கொண்டு தைப்பவர்கள் உண்டு. பழைய துணியில் குண்டூசி விழும், துருவேறும், மடியில் குத்தும். கச்சா தையலே மேல்.

ஊசி நூல்

கைத்தையல் ஊசியில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும், மெஷின் ஊசிக்கு நேர்மாறு. மூன்றடுக்குச் சேலைக்கு 7 அல்லது 8ஆம் நம்பர் எம்ப்ராய்டரி ஊசி சரி. தடித்த ஊசி நெருங்கிய நெசவில் இழையை விலக்காமல் அறுத்துக்கொண்டு போகும், வெளிச்சத்தில் பிடித்தால் வரிசையாகப் பொட்டு ஓட்டைகள் தெரியும். கம்பளி வைத்ததென்றால் 5ஆம் நம்பர். நடுவிரலுக்கு ஒரு திம்பிள் (ஊசி குத்தாமலிருக்க மாட்டும் விரல் மூடி) மாட்டிக்கொள்ளுங்கள். முதல் பத்து மீட்டருக்கு அது இடைஞ்சல், அதற்கப்புறம் அது இல்லாமல் முடியாது.

நூல் பருத்தியாக இருக்கட்டும். மெஷின் ரீலில் வரும் பாலியஸ்டர் நூல் வலுவானது என்று எடுக்கிறார்கள், அந்த வலுவே வினை. போர்வையை யாராவது இழுத்தால் ஏதாவது ஒன்று அறுந்தாக வேண்டும். நூல் அறுந்தால் ஐந்து நிமிடத்தில் திரும்பத் தைத்துவிடலாம். நூல் அறாமல் துணியைக் கிழித்தால் ஒட்டு போட வேண்டும், அந்த ஒட்டைத் தாங்கப் பக்கத்துத் துணிக்குத் தெம்பு இருக்காது. வங்காளத்தில் கரையிலிருந்து நூல் உருவியது வெறும் சிக்கனத்துக்காக என்று எனக்குத் தோன்றவில்லை. சேலையின் வயதே உள்ள நூல் சேலையைக் கிழிக்காது. தடித்த பருத்திக் கரையுள்ள சேலை இருந்தால் நீங்களும் செய்து பார்க்கலாம். கரையை இரண்டு முழ நீளத்துக்கு நறுக்கி, ஊடை இழைகளை ஓரத்திலிருந்து தள்ளித் தள்ளிக் கழித்தால் நீளப் பாவு இழைகள் தனியே நிற்கும். மூன்று மூன்றாகச் சேர்த்து விரலில் முறுக்கி, தேன்மெழுகுக் கட்டியில் ஒருமுறை இழுத்தால் தைக்கிற நூல் தயார்.

ஊசியில் கோக்கும் நூல் ஒரு முழம், அதாவது ஏறக்குறைய 45 செ.மீ., போனால் ஒன்றரை முழம். அதற்கு மேல் போனால் ஒரே நூல் நூற்றுக்கணக்கான தடவை துணிக்குள் போய் வந்து, பாதியிலேயே பஞ்சாகிவிடும். அடிக்கடி கோக்க அலுத்துக்கொண்டு இரண்டு மீட்டர் கோப்பவர்களின் போர்வையில், வரியின் தொடக்கம் பளபளவென்றும் முடிவு மங்கலாகவும் இருப்பதைப் பார்க்கலாம்.

முடிச்சு போட்டுத் தொடங்க வேண்டாம். நைந்த நெசவில் முடிச்சு ஒருநாள் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். ஊசியை வரி தொடங்கும் இடத்துக்கு இரண்டு விரல் தள்ளி மேலடுக்கில் மட்டும் குத்தி, உள்ளே ஓட்டி, தொடக்கத்தில் எடுத்து, ஒரே இடத்தில் இரண்டு பின்தையல். முடிக்கும்போதும் அப்படியே, நுனியை அடுக்குக்குள் ஒளித்துவிட்டு வெட்டுங்கள்.

தையல் ஒன்று 4 முதல் 5 மில்லிமீட்டர். மேலே தெரிவதும் கீழே தெரிவதும் சமம். ஊசியில் நாலைந்து மடிப்பை ஏற்றிக்கொண்டு ஒரே இழுப்பாக இழுக்கலாம். அடி அடுக்கில் ஊசி வந்ததா என்று இடதுகை நடுவிரல் சொல்லவேண்டும், ஒவ்வொரு தடவையும் நுனி விரலை லேசாகத் தொடும். சொல்லாமல் தைத்தால் பின்பக்கம் திருப்பும்போது அங்கங்கே தையலே இருக்காது. 7 மில்லிமீட்டருக்கு மேல் போனால் கொலுசும் மெட்டியும் மாட்டும். நம் வீடுகளில் போர்வைகள் கிழிவதில் பாதி கொலுசால்தான்.

இழுப்புதான் கற்க நாளாகிற விஷயம். விரல் நகம் நுழைகிற அளவுக்குத் தளர்வு இருந்தால் அதிகம், துணி மடிந்து எலும்பு எலும்பாக நின்றால் இறுக்கம். ஒவ்வொரு வரி முடிந்ததும் கட்டைவிரலால் வரியை நீவிவிட்டால் நூல் தானாகத் தனக்கு வேண்டிய நீளத்தை எடுத்துக்கொள்ளும். நீவிய பிறகும் ஒரு மெல்லிய அலை நிற்கும், அதுதான் காந்தாவின் அழகு என்று ரசிகர்கள் சொல்வது. அந்த அலை உங்கள் அளவிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது. 1 செ.மீ. வரியில் தைத்து முடித்தால் ஏழரை அடிப் போர்வை பக்கத்துக்கு நாலு விரலாவது குறைந்திருக்கும். ஆகவே ஓரத்தைக் கடைசியில்தான் வெட்டிச் சமன் செய்ய வேண்டும்.

வரிகளை எல்லாம் ஒரே திசையில் ஓட்டாதீர்கள். ஒவ்வொரு வரியும் மேலடுக்கை ஒரு நூலளவு முன்னால் தள்ளும், 225 வரிக்கும் அந்தத் தள்ளல் கூடிக் கடைசியில் சதுரம் சாய்சதுரமாகும். ஒரு வரி இடமிருந்து வலம், அடுத்தது வலமிருந்து இடம். போர்வையின் நடு வரியை முதலில் போட்டுவிட்டு இருபக்கமும் மாறிமாறி வெளியே போங்கள்.

ஓரத்துக்கு அந்தச் சேலைகளின் பருத்திக் கரையையே மடித்து வைத்து எம்மிங் செய்யலாம். ஜரிகைக் கரை வேண்டாம், கன்னத்தில் உரசும். கரை நெசவு உடலைவிட நெருக்கம். அதை இழுத்துப் பிடித்துத் தைத்தால் ஓரம் குவிந்து போர்வை கிண்ணமாகும், கொஞ்சம் விட்டுக்கொடுத்துத் தையுங்கள்.

சேலையே இல்லை, வெறும் துண்டுத் துணிகள்தான் இருக்கின்றன என்றால், வட கன்னட மாவட்டத்துச் சித்தி மக்களின் கவந்தி முறை உண்டு. ஆப்பிரிக்க வம்சாவளியினரான அவர்கள் ஒரு பழைய சேலையை அடியில் போட்டு, ஒரு மூலையில் தொடங்கி, துண்டுகளின் விளிம்பை மடித்து மடித்து ஓரமாகவே வைத்துத் தைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருகிறார்கள். ஓரத்திலிருந்து தொடங்கக் கூடாது என்று மேலே சொன்னதற்கு இது நேர் எதிர். அங்கே ஏன் பொம்முவதில்லை என்றால், மேலடுக்கு முன்கூட்டி விரிக்கப்படவில்லை. துண்டு துண்டாக, அப்போதைக்கப்போது இருக்கும் இடத்துக்கேற்ப வைக்கப்படுகிறது. மிச்சத் துணி என்று ஒன்று சேர்வதே இல்லை. நாலு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்து 'பூ' வைத்து முடிக்கிறார்கள்.

ஏற்கெனவே பழையது

பெட்டியடியில் ஒரு பழைய ஒட்டுப்போர்வை அகப்பட்டால் உடனே துவைக்கத் தோன்றும். கையைக் கட்டிக்கொள்ளுங்கள். முதலில் பகல் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். ஏதாவது ஒரு துண்டின் மூலையில் கறுப்பாகப் புள்ளியோ கோடோ இருந்தால் அது பெரும்பாலும் கறை இல்லை, சேங்கொட்டைச் சாற்றால் இட்ட வண்ணார் குறி. எந்த வீட்டுத் துணி என்று அடையாளம் வைக்கப் போட்டது. அது போகவே போகாது, போக்கவும் கூடாது. போர்வையின் பிறப்புச் சான்றிதழ் அதுதான். மாம்பாலும் இதே குடும்பத்து மரத்தினுடையது. கிருஷ்ணகிரிப் பக்கத்துத் துணிகளில் காணும் கரும்பழுப்பு மாம்பால் கறையும் அதனால்தான் சோப்புக்கு மசிவதில்லை. மாம்பழச் சாற்றுக் கறை வேறு, மஞ்சள்பொடிக் கறை மாதிரி வெயிலில் காயக் காய மங்கிவிடும். மஞ்சள் கறை சோப்புப் பட்டதும் சிவக்கும், பதற வேண்டாம், அலசி வெயிலில் போடுங்கள்.

அச்சுத் துணியில் பழுப்பும் கறுப்பும் உள்ள பூக்கள் மட்டும் தனியாக உதிர்ந்து, அந்த வடிவத்திலேயே ஓட்டை விழுந்திருக்கும். இரும்புச் சத்து சேர்த்துச் சாயமேற்றிய நிறங்கள் அவை, இரும்பு காலப்போக்கில் பருத்தியைத் தின்றுவிடுகிறது. உலகம் முழுக்கப் பழைய போர்வைகளுக்கு இந்த வியாதி உண்டு. ஓட்டையை வெட்டிச் சீராக்காதீர்கள். அடியில் அதே நிற மல் துணியைச் செருகி, மேலே நூலிழைகளைப் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்து, ஒவ்வோர் இழையையும் அரை அங்குலத்துக்கு ஒரு சின்னத் தையலால் பிடித்துவிடுங்கள். தையல் நைந்த இடத்தைத் தாண்டி நல்ல துணிக்குள் ஓர் அங்குலம் போய் நிற்க வேண்டும். நைந்த இடத்தின் விளிம்பிலேயே நிறுத்தினால் அடுத்த கிழிசல் அந்த விளிம்பில் ஆரம்பிக்கும்.

பட்டு வேறு ஜாதி. வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்த பட்டுச் சேலை மடிப்பு வாக்கிலேயே விரியும். அதைப் போர்வையாக்க நினைப்பது வீண். முந்தியையும் கரையையும் ஒரு மென்பருத்தித் துணிமேல் வைத்து மெல்லிய பட்டு நூலால் பிடித்துச் சுவரில் தொங்கவிடலாம், அதுவும் வெயில் விழாத சுவர். நனைந்தால் பருத்தி வலுக்கூடும், பட்டு வலுக்குறையும். பட்டு கலந்த எதையும் வீட்டில் நனைக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

பருத்திப் போர்வையைத் துவைக்கலாம். நனைந்த இழை வலுவானதுதான், ஆனால் தண்ணீர் குடித்த போர்வையின் கனம் தையலைப் பிய்த்துவிடும். ஒரு பழைய கொசுவலையைத் தொட்டியில் விரித்து, அதன்மேல் போர்வையை வைத்து ஊறவிட்டு, எடுக்கும்போது வலையோடு தூக்குங்கள். கசக்காமல் உள்ளங்கையால் அமுக்கினால் போதும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் கடினம். கட்டிச் சோப்பு அதோடு சேர்ந்து பாலாடை மாதிரி படிந்து, துணி காய்ந்ததும் விறைத்துச் சாம்பல் பூக்கும். நுரை குறைந்த சலவைத் திரவம் பயன்படுத்தி, கடைசி இரண்டு அலசலையாவது ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரிலோ மழைத்தண்ணீரிலோ செய்யுங்கள். டிரங்குப் பெட்டித் துருக்கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் வைத்து, ஒரு மணி நேரத்தில் நன்றாக அலசிவிடலாம். பிளீச்சிங் பவுடர் போட்டால் துரு இருந்த இடம் ஓட்டையாகும். கொடியில் போடாமல் பாயில் விரித்து நிழலில் காயவையுங்கள்.

எடுத்து வைக்கும்போது கஞ்சி போடக் கூடாது, ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. வசம்பைத் துணியில் முடிந்து போடலாம். அந்துருண்டை வேண்டாம். ஜரிகை கறுத்துப்போகும் என்பது சின்ன விஷயம். பச்சைக் குழந்தைக்குச் சுற்றுகிற துணியில் அந்துருண்டை வாசம் ஏறியிருந்தால், ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரலாம். பாட்டி சேலையில் பேரனுக்கு விரிப்பு தைக்கிறவர்கள் அந்தச் சேலையை இரண்டு நாள் வெயிலில் போட்டு, வெந்நீரில் அலசி, வாசம் போனபின்தான் கத்தரிக்கோலை எடுக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு, இருவர் போர்வைக்கு வெட்டிய ஒவ்வொரு சேலையிலிருந்தும் ஒரு மீட்டர் மிஞ்சியிருக்கும். உளுத்த இடத்தைக் கழித்து, நாலு விரல் அகல நாடாக்களாகக் கிழித்துக்கொள்ளுங்கள். மூன்றை ஜடை பின்னி, உள்ளங்கை அளவு வளையமாகச் சுருட்டி, மேலே இன்னொரு நாடாவைச் சுற்றிக்கொண்டே போய், நுனியைக் கோணி ஊசியால் உள்ளே செருகித் தைத்தால், தலைச்சுமைக்கு அடியில் வைக்கிற சும்மாடு. குடத்துக்கோ சட்டிக்கோ வைத்துப் பாருங்கள், ஆடினால் வளையம் பெரிது, வழுக்கினால் சுற்று தளர்வு. மாங்காய்க் கூடை தூக்குகிறவர்களுக்கு என்றால் கறுப்புச் சேலை நாடாவையே வெளிச்சுற்றுக்குப் போடுங்கள், மாம்பால் கறை தெரியாது.